முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நான் பங்கு பிரித்த விவரம்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பல ஆசிகளுடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் சுகம். எங்களோடு வந்து தங்கியிருக்கும் உங்கள் அப்பாவும் அம்மாவும் சுகம். அப்பாவின் கண்ணில் இருப்பது சாதாரணப் புரைதான், பயப்பட ஒன்றுமில்லை, வரும் வாரம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன தொட்டிச் செடிகள் சுகம். மீன்களும் சுகம், அதில் கறுப்பு மீன் மட்டும் கொஞ்சம் பருத்துவிட்டது. நீங்களும் என் மகளும் அந்தக் குளிர் தேசத்தில் கம்பளியும் கையுமாகச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தச் சுக வரிசையில் உங்கள் கார் வரவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால் தயவுசெய்து இத்தோடு கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போனை எடுத்தேன். "வண்டி எப்படி ஓடுது மாமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "இங்க நல்ல மழை" என்றேன். "வண்டி மழையில நிக்கலையே?" என்றீர்கள். "மழையில நிக்கல" என்றேன். அது உண்மைதான், ஒர்க்‌ஷாப்பில் கூரைக்கு அடியில்தான் நிற்கிறது. அப்புறம் ஒரு நாள் முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு "மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்கள். உங்கள் மாமியார் சட்டென்று போனைக் கூரை விசிறிப் பக்கம் திருப்பிவிட்டார். பாவம், நீங்கள் வெகுநேரம் விசிறியிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். காகிதத்துக்கு என் முகம் தெரியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். இதை என் மகளிடம் காட்ட வேண்டாம். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கறுப்பு மீன் வரை காட்டுங்கள்.

நீங்கள் கிளம்புகிற அன்று சாவியை என் கையில் கொடுத்து, என்னை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, எத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். "மாமா, மத்த வண்டியில இஞ்சின் ரெண்டு சக்கரத்தைத்தான் சுத்தும். இதுல நாலும் சுத்தும். முன்னாடி ரெண்டுக்கு எவ்வளவு பவர், பின்னாடி ரெண்டுக்கு எவ்வளவுன்னு வண்டி தானாவே பிரிச்சுக்கும். நாமளே கையால பிரிக்கணும்னா கியர் பக்கத்துல இருக்கிற இந்தத் திருகைத் திருப்பலாம். பின்னாடி தள்ளினா பின்சக்கரத்துக்குக் கூடப் போகும். முன்னாடி தள்ளிப் பூட்டினா ரெண்டு பக்கமும் சரிபாதி. சேறு, மணல், ஈரம்னா பூட்டலாம். காய்ஞ்ச ரோட்டுல பூட்டினா ஆகாது. வளைவுல திரும்பும்போது முன்சக்கரம் போற தூரம் வேற, பின்சக்கரம் போற தூரம் வேற. ரெண்டையும் சேத்துக் கட்டிட்டா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும், வண்டி முனகும். கையால மாத்தினா டேஷ்போர்டுல ஒரு லைட்டு எரியும். வேணும்னாத் திருப்பிக்கோங்க மாமா. தானா ஓடவிட்டாலும் ஓடும்." இவ்வளவும் சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. 'தானாவே பிரிச்சுக்கும்' என்ற அந்த ஒரு சொல்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

உங்களுக்கே தெரியும், நான் தலை நரைக்கும் வரை குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடியவன். மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் ஒரே தொட்டி. கையை எடுத்துவிட்டால் தண்ணீர் முழுக்கப் பள்ளத்துக்கு ஓடிவிடும், ஏனென்றால் தண்ணீருக்கு நியாயம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். சாவியும் கையுமாக ஒரு மனிதன் நடுவில் நின்று, இந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்கி, அந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தால்தான் மேட்டுத்தெருக்காரன் குளிக்க முடியும். இரண்டு தெருக்காரர்களும் என்னை ஒரே அளவு திட்டினார்கள். சரியான பங்கீட்டுக்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் வால்வு வைத்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்டவனிடம், பங்கீடு தானாக நடக்கும் என்று சொல்லிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திருகையும் வைத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறினால், அது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரிதானே.

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. எதையும் முட்ட முட்டத் திருகக் கூடாது. முழுக்கத் திறந்தாலும் முழுக்க மூடினாலும் அப்படியே இறுகிப்போகும், அவசரத்துக்கு அசையாது. கடைசியில் ஒரு துளி மிச்சம் விட வேண்டும். இந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவே இல்லை. குளியலறைக் குழாயானாலும், எண்ணெய் பாட்டில் மூடியானாலும், காரின் ஹேண்ட்பிரேக்கானாலும், ஜன்னல் கொக்கியானாலும் ஒரு துளி மிச்சம் விட்டுத்தான் என் கை திரும்பும். இதனால் சிந்திய எண்ணெயைத் துடைத்துத் துடைத்தே உங்கள் மாமியாருக்கு மணிக்கட்டு வலி வந்ததாக அவர் சொல்கிறார். அது கிடக்கட்டும், திருகுக்கு வருகிறேன்.

நீங்கள் போன மறுநாளே வண்டியைக் காய்கறிக் கடைக்கு எடுத்தேன். நல்ல வெயில், காய்ந்த ரோடு. பூட்டினால் ஆகாது என்று நீங்கள் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. முன்னால் இருப்பதும் சக்கரம், பின்னால் இருப்பதும் சக்கரம், ஒருவனுக்குக் கூட, ஒருவனுக்குக் குறைய என்றால் என் கையிலிருந்து அது எப்படி நடக்கும்? திருகை 'டிக் டிக்' என்று முன்னுக்குத் தள்ளிச் சரிபாதியில் வைத்தேன். திருகின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் எரிந்தன. நீங்கள் சொன்னபடியே டேஷ்போர்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. நான் காலமெல்லாம் ஓட்டிய வாரியத்து ஜீப்பில் எந்த விளக்கும் எரிந்ததில்லை, முகப்பு விளக்கு உட்பட. அதனால் இந்த விளக்கை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் பங்கீட்டைப் பார்த்து வண்டியே ஆச்சரியப்படுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பியதுமே முனகல். நீங்கள் சொன்ன மல்லுக்கட்டு இதுதான் என்று புரிந்தது. உடனே திருகைப் பின்னுக்குத் தள்ளினேன், முனகியது. நடுவில் வைத்தேன், அப்போதும் முனகியது. பள்ளத்தெருக்காரர்களும் இப்படித்தான், எவ்வளவு கொடுத்தாலும் புகார் ஓயாது, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முனகலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரிந்தது மாப்பிள்ளை. பின்னுக்குக் கொடுத்தால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. முன்னுக்குக் கொடுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இதையெல்லாம் உணர்வதற்கு ஒரு கை வேண்டும், அந்தக் கை எனக்கு இருக்கிறது என்று உங்கள் மாமியாரிடம் சொன்னேன். அவர், "ஏங்க, ஏதோ கருகுற வாடை வருதே" என்றார். "உழைக்கிற இடத்துல வேர்வை நாறத்தான் செய்யும்" என்றேன். சந்துமுனை வந்தால் முன்னுக்கு, மேடு வந்தால் பின்னுக்கு, பள்ளிக்கூட வாசலில் சரிபாதி என்று, ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை திருகிலுமாக ஊரைச் சுற்றி வந்தேன். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரியை ஒரு நாள் ஏற்றிக்கொண்டேன். "என்ன சார், அடிக்கடி குனியிறீங்க?" என்று கேட்டார். "பங்கீடு சார்" என்றேன். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிடுகிறார்.

இந்த நிலைமையில்தான் உங்கள் அப்பா கண் காட்ட வந்தார். இந்தக் காரால் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்த மனத்தாங்கலை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என் தப்பின் கனம் எவ்வளவு என்று காட்ட அதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கார் வாங்கி வந்து நிறுத்தினீர்கள். "நாலு சக்கரமும் எதுக்குச் சுத்தணும்? ரெண்டு சுத்தினா மத்த ரெண்டும் தானாப் பின்னாடி வராதா?" என்று அவர் கேட்டார். நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போனீர்கள். அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் போனில் வெயிலையும் மழையையும் தவிர வேறொன்றும் பேசுவதில்லை, அவர் அந்தக் காரில் கால் வைத்ததும் இல்லை. அப்படிப்பட்டவர் ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் என்னிடம் கேட்டது, "அவன் வண்டியைத்தானே கொண்டுவந்திருக்கீங்க?" என்றுதான். சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு தோல் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி. என் கண்ணு வேலை முடிஞ்சதும் நானே அந்தச் சாவியை இதுல கோத்து வைக்கப்போறேன். வந்து பாத்துக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு, குழந்தை மிட்டாயை ஒளிக்கிற மாதிரி அதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

முன் இருக்கையில் உட்கார்ந்து, டேஷ்போர்டை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். வாழ்நாள் முழுக்கத் தணிக்கைத் துறையில் அடுத்தவர் தப்பைத் தேடியவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சகட்டப் பாராட்டு அதுதான் என்று உங்கள் அம்மா பின்னாலிருந்து சொன்னார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இப்போ பின்னாடி பவர் அனுப்புறேன் சம்பந்தியம்மா, வருதா பாருங்க" என்று 'டிக் டிக்' என்று திருப்பினேன். "வருது வருது, நல்லா வருது" என்றார் உங்கள் அம்மா. உங்கள் அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. பாவையை விரிப்பதற்காகக் கண்ணில் சொட்டுமருந்து விட்டு, பரிசோதனை முடித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, "சாயங்காலம் வரைக்கும் எல்லாம் மங்கலாத்தான் தெரியும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்து காரில் உட்காரவைத்தேன். உங்கள் அம்மா அன்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரி வாசலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வழுவழுவென்று கல் பதித்த சரிவான பாதை, நடுவில் வட்டமான பூப்பாத்தி, பாத்திக்கு நடுவில் பெரிய கண் மாதிரி செய்து வைத்த பெயர்ப்பலகை. பாத்தியைச் சுற்றித்தான் இறங்கி வெளியே போக வேண்டும். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ஈரம் என்றால் பூட்டலாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், பூட்டினேன். வண்டி முனகியது. வளைவில் முனகல் ஜாஸ்தியாயிற்று. வளைவில் பூட்டக் கூடாது என்பதும் நீங்கள் சொன்னதுதானே, அவிழ்த்தேன். வண்டி நகரத் தயங்கியது. பின்னால் இருப்பவன் பட்டினி கிடக்கிறான் என்று நினைத்து, திருகைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தேன். அவ்வளவுதான், பின்பக்கம் என்னைக் கேட்காமல் தனியாக ஒரு முடிவெடுத்துவிட்டது. முகப்பு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்தைப் பின்புறம் பார்த்தது, பின்புறம் பார்க்க வேண்டியதை நான் பார்த்தேன், ஓர் அரைச்சுற்றுச் சுற்றி, பூக்களையெல்லாம் வாரிக்கொண்டு, உங்கள் கார் அந்தப் பெரிய கண்ணின் கருமணியில் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பின்சக்கரம் இரண்டிலும் புகை.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் மறந்துவிட்டேன். வாசலில் வரிசையாகப் பெஞ்சு போட்டு, ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் எழுந்து நின்று மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார்கள். காவலாளி நிதானமாக நடந்து வந்து, ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, "சார், பார்க்கிங் அந்தப் பக்கம்" என்றார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

இதுவரை எழுதியது பெரிய விஷயமில்லை மாப்பிள்ளை. தகரம் நசுங்கினால் தட்டி எடுக்கலாம். இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கை கூசுகிறது. உங்கள் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நேராகப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியல. என்ன ஆச்சு சம்பந்தி?" என்று கேட்டார். கண் தெரியாமல் என் கையை நம்பி உட்கார்ந்திருந்த மனிதர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல சம்பந்தி, உங்க பையன் இந்தத் திருகை எப்படியோ தப்பா வச்சிட்டுப் போயிட்டார் போலிருக்கு. நான் அதைத் தொடவே இல்ல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகவே சொல்லிவிட்டது. தானாக ஓடுவதை நம்பக் கூடாது என்று காலமெல்லாம் பேசியவனுக்கு அவன் வாயே தானாக ஓடிக் காட்டிக்கொடுத்தது. உங்கள் அப்பா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம், "அப்பவே சொன்னேன். கேட்டானா?" என்றார். நான் 'இல்லை சம்பந்தி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தலையை ஆட்டினேன். அவருக்கு அது தெரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பொய் சொன்னவன் அதற்குத் துணைக்கு இன்னொன்றையும் பெற்றுத்தானே ஆக வேண்டும். வண்டியை இழுத்துக்கொண்டு போன ஒர்க்‌ஷாப்பில் மேலாளர் அம்மா, "வழக்கமா யார் சார் ஓட்டுவாங்க?" என்று கேட்டார். "மாப்பிள்ளை" என்றேன். "ரொம்ப முரட்டுத்தனமா ஓட்டுவாரோ? பின்சக்கரத்துல டிரம்மெல்லாம் வெந்து கிடக்கே" என்றார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்றேன். கூசாமல் சொன்னேன் மாப்பிள்ளை. ஸ்கூட்டர் ஓட்டினால்கூடப் பூனைக்கு வழிவிட்டு நிற்கிற உங்களை அப்படிச் சொன்னேன். கழற்றிப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறேன் என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் உங்கள் அப்பாவுக்குக் கண் தெளிந்தது. காபி குடித்துவிட்டு எழுந்தார், உள்ளே போனார், சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பெட்டிக்கு அடியில், துணிகளுக்கும் கீழே வைத்துப் பூட்டினார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, "சரியானதும் வித்துடச் சொல்லப்போறேன். சம்பந்தி வீட்டு மனுஷங்க உயிரோட விளையாடுற வண்டி எதுக்கு?" என்றார். உங்கள் அம்மா அழுதார். உங்கள் மாமியார் என்னைப் பார்த்தார். முப்பது சொல் பேச வேண்டிய இடத்தில் அவர் ஒன்றும் பேசாமல் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு, என் மகளுக்கும் அது வந்திருக்கிறது, உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. உங்கள் அப்பா என்னை எதிரில் பார்க்கும்போதெல்லாம், தன் பிள்ளை செய்த தப்புக்காகத் தலை குனிகிறார். நான் அதைவிடத் தாழக் குனிய வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

பங்கீடு பங்கீடு என்று பேசினேனே, தப்பில் என் பங்கு முழுவதையும் எடுத்து, ஊரில் இல்லாத உங்கள் தலையில் வைத்துவிட்டேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இப்போதுதான் ஒரு கதவு லேசாகத் திறந்தது, அதையும் நானே அடைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வயசானவன் என்று சொல்லித் தப்பிக்கவும் வெட்கமாக இருக்கிறது. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்கிறேன், காபி வந்ததும் நாளைக்கு என்று தோன்றிவிடுகிறது. அதனால் முதலில் உங்களுக்கு எழுதிவிட்டால் பின்வாங்க வழியிருக்காது என்றுதான் இதை எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்ததும் அவரிடம் சொல்லிவிடுவேன். அந்தத் திருகை இனி என் ஆயுளுக்கும் தொட மாட்டேன். எல்லாம் அந்தத் திருகால் வந்த வினை.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும், குறையாத சிரிப்போடும், சொன்ன பேச்சைக் கேட்கிற மாமனாரோடும் நெடுநாள் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்லி உங்கள் மாமியார் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மேசைக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் அப்பா எடுத்தார். அவருக்குச் சின்னப் பொத்தான் தெரியாததால் எதையோ அமுக்கினார், மேலாளர் அம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "சார், அந்தத் திருகுல ஒரு கோளாறும் இல்ல. உங்க மாப்பிள்ளை ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் இங்க வந்து அதோட ஒயரைக் கழட்டச் சொன்னாரு. அன்னைக்கு இருந்த பையன் கழட்டியிருக்கான், எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். பக்கத்துல இருக்கிற பச்சை லைட்டு மட்டும் எரியட்டும்னு சொன்னாராம். நீங்க அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் நடக்காது சார், அது எதோடவும் சேரல."

"அப்போ வண்டி ஏன் முனகுச்சு?" என்று நான் கேட்டேன்.

"ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்காமலே ஓட்டியிருக்கீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. பின்னாடி பிரேக் கட்டையெல்லாம் பொடியாப் போச்சு. ஆச்சரியக்குறி போட்டு ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலையா சார்?"

ஒரு துளி மிச்சம் விட்ட என் கையைப் பார்த்தேன். உங்கள் அப்பா போனிடம், "ஒயரை ஏன் கழட்டச் சொன்னான்?" என்று கேட்டார். "எங்க மாமா கை சும்மா இருக்காது, தொடாதீங்கன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவார், ஆசைதீரத் திருப்பட்டும், வண்டிக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு சொன்னாராம் சார்" என்றார் அந்த அம்மா.

போன் வைத்த பிறகு, "சம்பந்தி, ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய்" என்றேன். இரண்டு வாரமாக வராத சொல் அப்போது சுலபமாக வந்தது. "தெரியும்" என்றார் உங்கள் அப்பா. "எப்படி?" என்றேன். "டிக் டிக்குன்னு நீங்க திருப்பின சத்தம் கேட்டுதே. மருந்து கண்ணுக்குத்தான் விட்டாங்க, காதுக்கு விடல" என்றார். "அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன். தட்டைப் பார்ப்பது போலவே மேசையைப் பார்த்துக்கொண்டு, "அவன் மேல தப்புன்னு இருந்தா எனக்கு வசதியா இருந்துது சம்பந்தி" என்றார்.

பெட்டியைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். சாவியை வாங்கி அவரே கோத்தார். அப்புறம் ஓட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, ஒயர் இல்லாத அந்தத் திருகை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி கொஞ்சம் கூடக் குடுக்கவா சம்பந்தி?" என்று கேட்டார். "குடுங்க" என்றேன். "வித்தியாசம் தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன். உங்கள் அம்மாவுக்கு அன்றைக்குப் பின்னால் நன்றாக வந்த பவர் எங்கிருந்து வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் விளங்கவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. கடிதம் கிடைத்தது என்று சொல்லுங்கள், அவரே உங்களைக் கூப்பிடுவார். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் பொறுத்திருங்கள், வண்டிக்கு வந்துவிடுவார். அந்த ஒயரை மட்டும் திரும்பி வந்து மாட்டிவிடாதீர்கள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே திருகு என்று நான் பழி போட்ட இடத்திலெல்லாம் ஹேண்ட்பிரேக் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். மன்னிக்க வேண்டும் என்று எழுதிய இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடவும்.